குருதிப் புற்றுநோய்க்கு வழி திறந்த சுப்பாராவ்

குருதிப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இன்றும் கொடுக்கப்படும் முக்கியமான மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்சேட். அது உருவான ஆய்வுகூடத்தை வழிநடத்தியவர் யல்லப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12ஆம் திகதி ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். பேராசிரியரின் அதிருப்தியால் முழுப் பட்டத்துக்குப் பதிலாகத் தரம் குறைந்த சான்றிதழே கிடைத்தது. மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா சென்றார். திரும்பி வரவேயில்லை. பொஸ்டனில் வைத்தியசாலைச் சிற்றூழியராக இரவு வேலை செய்து வயிற்றைக் கழுவினார். ஹார்வர்டில் பல ஆண்டுகள் ஆராய்ந்தும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே 1945இல் அவரது குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பின்னர் அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், மெதோட்ரெக்சேட் ஆகியவற்றையும் உருவாக்கியது. வைத்தியர் சிட்னி ஃபார்பர் 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது.

ஏன் திரும்பியது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் விளக்கின. ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் தேவை. இந்த மருந்துகள் பிரதி எடுக்கும் கட்டத்தில் உள்ள கலங்களையே பிடிக்கின்றன. அந்நேரம் ஓய்ந்திருக்கும் புற்றுக்கலங்கள் தப்பிவிடும், பிறகு பெருகும். அதனால்தான் சிகிச்சை பல சுற்றுகளாகத் தொடர்கிறது. வேறு கட்டத்தில் தாக்கும் மருந்துகளும் சேர்க்கப்படுகின்றன. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின், கலம் பிரியும் வேளையில் அதைத் தடுக்கிறது.

வேகமாகப் பிரியும் நல்ல கலங்களும் இதில் அடிபடும். வாய்ப்புண் வருவதும், முடி கொட்டுவதும், குருதிக்கலங்கள் குறைவதும் இதனால்தான். பிள்ளை தேறிவிட்டது என்றோ, முடி கொட்டுகிறது என்றோ வைத்தியரைக் கேட்காமல் மருந்தை இடையில் நிறுத்தினால், தப்பிய கலங்களுக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் மருந்தும் சுப்பாராவின் குழு தந்ததே. இலங்கையில் அந்நோயை ஒழிக்கவும் அது பயன்பட்டது.

ஃபார்பரின் முடிவுகள் 1948 ஜூனில் வெளிவந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் நியூயோர்க்கில் காலமானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995இல் இந்தியா அவருக்கு முத்திரை வெளியிட்டது.