புனைபெயரால் புகழ்பெற்றவர்

போலந்து என்னும் நாடு உலக வரைபடத்தில் இல்லாத காலம் அது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அதனைப் பங்குபோட்டு ஆண்டன. ரஷ்யாவின் பிடியில் இருந்த பகுதியில், ஹ்ருபியெஷூஃப் என்னும் சிற்றூரில், 1847ஆம் ஆண்டு அலெக்சாண்டர் குவோவாட்ஸ்கி பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரை உறவினர்கள் வளர்த்தனர்.

1863இல் போலந்து மக்கள் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். பள்ளி மாணவரான குவோவாட்ஸ்கியும் அவர்களோடு சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 15. போர்க்களத்தில் படுகாயமடைந்து பிடிபட்டார். பின்னர்ச் சிறைவாசமும் அனுபவித்தார். திறந்த வெளிகளைக் கண்டால் ஏற்படும் அச்சம் வாழ்நாள் முழுவதும் அவரை வாட்டியது.

வார்சாவில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். ஆனால், வறுமை படிப்பைப் பாதியில் நிறுத்தியது. தொழிற்சாலையில் வேலை செய்தார்; பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு வயிற்றுப் பிழைப்புக்காக நகைச்சுவைத் துணுக்குகள் எழுதத் தொடங்கினார். சொந்தப் பெயரைப் பெரிய நூல்களுக்கென ஒதுக்கிவைத்து, துணுக்குகளுக்குப் போலெஸ்வாவ் புருஸ் என்று கையொப்பமிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது!

நாளிதழில் அவர் எழுதிய வாரக் கட்டுரைகளுக்கு வாசகர்கள் காத்திருந்தனர். கழிவுநீர்க் கால்வாய், குடிநீர், ஏழைகளின் குடியிருப்பு என நகரத்தின் குறைகளை அவர் சிரிக்கச் சிரிக்க எழுதினார். எழுதியவை எல்லாம் ரஷ்யத் தணிக்கை அதிகாரிகளைத் தாண்டியே அச்சேற வேண்டும். நேரடியாகச் சொல்ல முடியாததைக் கேலியாகச் சொல்ல அவர் கற்றுக்கொண்டார். கேலி எல்லாருக்கும் பிடிக்குமா? 1878இல் அவர் எழுதிய ஒரு செய்தியால் சினமுற்ற மாணவர்கள் சிலர் அவரைத் தாக்கினர். அப்போதும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

1887இல் சூரிய கிரகணத்தைக் காண முவாவா என்னும் ஊருக்குச் சென்றார். பத்திரிகையாளராக அங்கே கண்ட காட்சி, பின்னாளில் எழுதிய 'ஃபாரோ' என்னும் நாவலுக்குப் பயன்பட்டது. பண்டைய எகிப்தில் நடக்கும் அக்கதையில், கிரகணம் வரும் நேரத்தை முன்கூட்டியே அறிந்த பூசாரிகள், இருளைக் காட்டி மக்கள் கூட்டத்தை அஞ்சி ஓடச் செய்கின்றனர். வார்சாவின் வணிகர் ஒருவரைப் பற்றிய 'பொம்மை' அவருடைய மற்றொரு சிறந்த நாவலாகும்.

திறமைமிக்க கிராமத்துப் பிள்ளைகளின் கல்விக்கு உதவுமாறு உயில் எழுதிவைத்த புருஸ், 1912ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் வார்சாவில் காலமானார். போலந்து மீண்டும் தனிநாடானது அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.