சிறுத்தொண்ட நாயனாரும் திருத்தொண்டின் எல்லையும்

சோழவள நாட்டில் திருமருகலுக்கு அணித்தாய் விளங்குவது திருச்செங்காட்டங்குடி. கணபதீச்சரம் என்னும் திருக்கோயிலால் பெருமையுற்ற அப்பதியில், மாமாத்திரர் குலத்தில் தோன்றியவர் பரஞ்சோதியார். ஆயுள்வேதமும் வடநூற் கலைகளும் படைக்கலப் பயிற்சியும் யானையேற்றம், குதிரையேற்றங்களும் கற்றுத் தேர்ந்த அவர், அரசனிடம் படைத்தொழில் பூண்டு வாதாபி நகரைத் துகளாக்கினார்; அங்கிருந்து பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்தார். சேக்கிழார் பெருமான் அவ்வரசன் பெயரைக் குறித்திலர். கி.பி. 642-இல் வாதாபி கொண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனே அவன் என்பது வரலாற்று ஆசிரியர் பலரின் துணிபு.

பரஞ்சோதியார் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன் நடுங்கினான். அடியார் ஒருவரைக் கொடிய போர்முனைக்கு ஏவியது பிழையென வருந்தி, பொறுத்தருள வேண்டினான். பெருநிதி அளித்து, திருத்தொண்டே செய்திருக்குமாறு விடை கொடுத்தான். ஆணையிடும் அதிகாரத்துக்கும் எல்லையுண்டு என்பதை உணர்ந்த மன்னன் அவன்.

ஊர் மீண்ட பரஞ்சோதியார் திருவெண்காட்டு நங்கையாரை மணந்து, நாள்தோறும் அடியார்க்கு அமுதூட்டிய பின்னரே தாம் உண்ணும் நியமம் பூண்டார். அடியார் முன் தம்மை மிகச் சிறியராக வைத்து ஒழுகியமையால் சிறுத்தொண்டர் எனப் பெயர் பெற்றார். அவர்தம் அருமை மகனார் சீராளதேவர். அவ்வூருக்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர் தம் பதிகத்திலேயே சிறுத்தொண்டரை வைத்துப் பாடியருளினார்.

ஒருநாள் இறைவன் பைரவ வேடம் தாங்கி வந்து, கணபதீச்சரத்து ஆத்தி மரத்தின்கீழ் அமர்ந்தான். ஆறு திங்களுக்கு ஒருமுறை தான் உண்பது நரப்பசு என்றும், அது ஐந்து பிராயத்துக்கு உட்பட்டு, குறையற்ற உறுப்புகளோடு, ஒரு குடிக்கு ஒரு மகனாய் இருத்தல் வேண்டும் என்றும், தாய் பிடிக்கத் தந்தை மனமுவந்து அரிதல் வேண்டும் என்றும் கூறினான். சிறுத்தொண்டர் பிறர் மகவை நாடினாரல்லர். எத்துணை நிதி கொடுப்பினும் தம் பிள்ளையைத் தாமே அரிவார் உலகில் இலர் எனத் தெளிந்து, பள்ளியிலிருந்து சீராளனை அழைத்து வந்தார். கேட்கவும் நெஞ்சு பதறும் அச்செயல் அவ்விருவராலும் முடிந்தது. தலை அமுதுக்கு ஆகாதென நீக்கப்பட்டது. பைரவர் அதனையும் வேண்டியபோது, முன்னரே அதனைச் சமைத்து வைத்திருந்த சந்தனத்தாதியார் எடுத்தளித்தார்.

உடனுண்ண வேறு அடியார் கிடையாமையால், பைரவர் உண்ணவேண்டுமே என்று சிறுத்தொண்டர் தாமே உண்ணப் புகுந்தார். அக்கணம் பைரவர் அவர் கையைத் தடுத்தார். மகனை அழைக்கப் பணித்தார். வாயிலில் நின்று தந்தையும் தாயும் அழைக்க, சீராளன் பள்ளியினின்று வருபவன்போல ஓடி வந்தான். உள்ளே கறியமுதும் இல்லை, பைரவரும் இல்லை. இறைவன் உமையம்மையோடும் முருகனோடும் விடைமேல் காட்சி தந்து, அவர் அனைவரையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டான்.

பிள்ளையின் உயிர் பெற்றோரின் உடைமையாகுமோ என இவ்வரலாற்றைக் கேட்பார் வினவுவது முறையே. ஆகாது என்பதே சித்தாந்தத்தின் விடை. உயிர்கள் அனைத்தும் பதியாகிய சிவனுக்கே உடைமை. தாயும் தந்தையும் வளர்க்கும் கடமை உடையவர் மாத்திரமே. ஆகவே உயிரைக் கேட்கும் உரிமை அதனைத் திரும்பக் கொடுக்க வல்லவன் ஒருவனுக்கே உண்டு. குருவாயினும் அரசனாயினும் தெய்வத்தின் பெயரால் ஓர் உயிரைக் கேட்பானாயின், அதற்கு இணங்குதல் பக்தியன்று, பாதகமே. வாதாபியில் அரசன் ஆணைக்கு இரையான மைந்தர் எவரும் தாயர் அழைக்கத் திரும்பி வந்திலர். செங்காட்டங்குடியில் கேட்டவன் இறைவன். ஆதலின் பிள்ளை திரும்பி வந்தான். இரண்டு ஆணைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சிவதருமத்தை மெல்வினை, வல்வினை என இருவகையாகப் பகுக்கும் திருக்களிற்றுப்படியார். வல்வினை, தன்னை முற்றும் மறந்த அன்பினர்க்கே உரியது. பிறர் பார்த்துச் செய்தற்கு உரியதன்று. நாயனாரின் திருநாளாகிய சித்திரைப் பரணியில் அத்தலத்தில் நிகழும் அமுது படையல் விழாவிலும் படைக்கப்படுவது மூலிகைகள் சேர்த்துச் சமைத்த கறியமுதே. நம் முன்னோர் நாயனாரின் அன்பைப் போற்றினர். அவர் செயலை வழக்கமாக்கினாரல்லர்.

குடமுழுக்குக் காணும் அன்பர்க்கு எளிதாய் எஞ்சி நிற்பது மெல்வினை. தாம் அறவழியில் ஈட்டிய பொருளால் பசித்து வருவார்க்கு அமுதூட்டுக. பிறர் கண்ணீர் கலந்த பொருளை ஆண்டவன் சந்நிதியில் வையாதொழிக. பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் எல்லாரும் வீடு திரும்பி, பெற்றோருடன் உண்டு மகிழத் திருவருள் துணைபுரிவதாக.

திருச்சிற்றம்பலம்