சபைக் கூச்சம் வென்ற வீரத்துறவி

சுவாமி விவேகானந்தர் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது தலைப்பாகை அணிந்து, கைகளைக் கட்டி, நிமிர்ந்து நிற்கும் அந்தக் கம்பீரத் திருவுருவமே. அத்தகைய மகானுக்கும் ஒருநாள் சபை நடுவே நா வறண்டது, நெஞ்சு படபடத்தது என்று கூறினால் பலரும் நம்பத் தயங்குவர். ஆயினும் அதனை உலகுக்கு அறியத் தந்தவர் சுவாமிகளேதான்.

1863ஆம் ஆண்டு தை மாதம் 12ஆம் திகதி கல்கத்தா மாநகரில் விசுவநாத தத்தருக்கும் புவனேசுவரி தேவியாருக்கும் மைந்தராக அவர் அவதரித்தார். பிள்ளைப் பருவத்தில் நரேந்திரன் என்பது பெயர். இளமையில் அவர் கூச்ச சுபாவம் உடையவர் அல்லர். பாடசாலையில் ஆசிரியர் ஒருவரின் பிரியாவிடைக் கூட்டத்திலே, பெரும் பேச்சாளரான சுரேந்திரநாத் பானர்ஜி தலைமை வகித்த காரணத்தால் மற்ற மாணவர்கள் எழுந்து பேச அஞ்சினர். நரேந்திரனோ எழுந்து அரைமணி நேரம் பேசி அமர்ந்தார். பேசத் தெரியாதவனுக்குத்தான் சபைக் கூச்சம் வரும் என்று நாம் எண்ணுகிறோம். அது சரியன்று என்பதற்கு அவரது பிற்கால அனுபவமே சான்று.

1881ஆம் ஆண்டில் பகவான் ஸ்ரீ ராமகிருஷ்ணரைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்பம். குருதேவர் நோயுற்றுக் காசிப்பூரில் இருந்த காலத்தில், நரேந்திரன் பிறருக்குப் போதிப்பான் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தம்மால் அது ஆகாது என்று சீடர் மறுத்தார். அவனுடைய எலும்புகளே அதனைச் செய்யும் என்று குருதேவர் சொல்லிவிட்டார். 1886 ஆவணியில் குருதேவர் மகாசமாதி அடைந்தபின், சுவாமிகள் துறவு பூண்டு பாரத தேசம் முழுவதும் கால்நடையாகவும் புகையிரதத்திலும் சுற்றி, 1892 மார்கழியில் கன்னியாகுமரியை அடைந்தார்.

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் சர்வமத மகாசபை கூடவிருக்கும் செய்தி அறிந்து, சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினர். புறப்படுமுன் 1893 மாசி 13ஆம் திகதி செகந்திராபாத்திலுள்ள மஹபூப் கல்லூரியில், ஆயிரம் பேருக்கு மேல் கூடிய சபையில், தாம் மேல்நாடு செல்வதன் நோக்கத்தைப் பற்றிச் சுவாமிகள் சொற்பொழிவாற்றினார். வைகாசி 31இல் பம்பாயில் கப்பலேறி ஆடி இறுதியில் சிக்காகோவை அடைந்தார்.

அங்கே காத்திருந்தவை அடுக்கடுக்கான தொல்லைகள். மகாசபை கூடுவதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. உரிய அமைப்பு ஒன்றின் அத்தாட்சிக் கடிதம் இல்லாமல் பிரதிநிதியாக ஏற்கமாட்டார்கள் என்றும், பெயர் பதியும் காலமே கடந்துவிட்டது என்றும் தெரிய வந்தது. கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது. செலவு குறைவு என்று பொஸ்ரன் பக்கம் சென்றார். அங்கு ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஹென்றி ரைட் அவரது அறிவாற்றலைக் கண்டு வியந்து, சபைக் குழுவினருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மீண்டும் சிக்காகோவில் வந்து இறங்கியபோது குழுவினரின் முகவரியைத் தொலைத்துவிட்டார் சுவாமிகள்! இரவைப் புகையிரத முற்றத்தில் கழித்து, காலையில் பசியோடு வீதியோரம் அமர்ந்திருந்தவரை எதிர்வீட்டிலிருந்து கண்டு அழைத்து உபசரித்து, சபை அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றவர் ஹேல் அம்மையார். அன்னபூரணி எந்த நாட்டிலும் இருக்கிறாள்.

1893 புரட்டாதி 11ஆம் திகதி மகாசபை தொடங்கியது. மேடையிலே பல நாட்டுச் சமயத் தலைவர்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். நம் இலங்கையிலிருந்து பௌத்த சமயத்தின் சார்பில் சென்ற அநகாரிக தர்மபாலவும் அவர்களுள் ஒருவர். கீழே ஆறு ஏழாயிரம் பேர் கூடியிருந்ததாகச் சுவாமிகள் சென்னை நண்பருக்குப் பின்னர் எழுதினார். அனைவரும் கற்றவர்கள், முன்பின் அறியாத முகங்கள். மற்றப் பிரதிநிதிகள் தங்கள் பேச்சை எழுதித் தயார் செய்து கொண்டுவந்திருந்தனர். சுவாமிகளிடம் ஒரு வரியும் இல்லை.

தலைவர் பரோஸ் அவரைப் பேச அழைத்தபோது, இப்போது வேண்டாம் என்று சைகை செய்தார். மறுபடி அழைத்தபோதும் அதே பதில். காலை அமர்வு அப்படியே கழிந்தது. இவர் பேசவே போவதில்லையோ என்று தலைவரே ஐயுறும் நிலை. மார்பு படபடத்ததையும், நாக்கு ஏறக்குறைய உலர்ந்து போனதையும், அச்சத்தால் காலையில் எழுந்து பேசத் துணியாததையும் சுவாமிகள் அக்கடிதத்தில் மறைக்காமல் எழுதியுள்ளார். முன்னேற்பாடின்றிப் போனது தமது மடமை என்றும் ஒப்புக்கொண்டார். வாழ்நாளில் பொதுச்சபையில் பேசியதே இல்லாத தாம் இப்பேரவையில் எவ்வாறு பேசுவது என்று கலங்கியதாகவும் அதிலே காண்கிறோம். செகந்திராபாத்தில் ஆயிரம் பேர்முன் பேசி ஏழு மாதமே ஆகியிருந்தது! பயம் பிடித்த வேளையில் முன்பு நன்றாகச் செய்ததெல்லாம் நினைவை விட்டு ஓடிவிடுகிறது போலும். நவராத்திரிப் பேச்சுப்போட்டியில் மனனம் செய்ததை மறந்து திகைத்து நிற்கும் சிறுபிள்ளைக்கும் நேர்வது இதுதானே.

பிற்பகலில் நால்வர் எழுதிய உரைகளை வாசித்து முடித்தனர். அருகிருந்த பிரெஞ்சுப் போதகரும் சுவாமிகளைத் தூண்டினார். இனி மறுக்க வழியில்லை. கலைமகளை மனத்தால் வணங்கி எழுந்தார். கற்று வந்த உரையைத் தேடாமல், எதிரே இருந்தவர்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று உறவு முறையால் அழைத்தார். அவ்வளவுதான், சபை எழுந்து இரண்டு நிமிடம் ஆரவாரம் செய்தது. அந்நியராகத் தோன்றிய கூட்டம் ஒரே சொல்லால் உறவினர் ஆகிவிட்டது. அதன்பின் எல்லாச் சமயங்களையும் ஏற்கும் நம் சமயத்தின் பெருந்தன்மையைச் சில நிமிடங்களே பேசினார். பேசி முடித்து அமர்ந்தபோது உணர்ச்சிப் பெருக்கால் உடல் தளர்ந்திருந்தது. ஆகவே அன்று பயம் நீங்கியபின் அவர் பேசவில்லை. பயத்தோடேயே எழுந்து பேசினார். எட்டு நாள் கழித்து, 19ஆம் திகதி, இந்து சமயம் பற்றிய கட்டுரையை எழுதி ஆயத்தமாகச் சென்று வாசித்தார்.

பின்னர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓயாத பிரசங்கங்கள். வாரத்தில் 12, 14 சொற்பொழிவுகள் நிகழ்த்திய காலமும் உண்டு. குறிப்பு எதுவும் கையில் இல்லாமல் பேசுவதே வழக்கமானது. அவற்றைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்ய 1895 இறுதியில் குட்வின் என்ற ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். சம்பளத்திற்கு வந்தவர் சீடராகிச் சுவாமிகளுடனே இலங்கைக்கும் வந்தார்.

1897 தை 15இல் சுவாமிகள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். சட்டநிரூபண சபை உறுப்பினர் பொன்னம்பலம் குமாரசுவாமி அவர்கள் மாலையிட்டு வரவேற்றார். மேல்நாட்டில் புகழ்பெற்றுத் திரும்பிய சுவாமிகளின் முதற் பொதுச் சொற்பொழிவு மறுநாள் கொழும்பிலே நிகழ்ந்தது நம் நாடு பெற்ற பேறு. கண்டி, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் நோக்கி வருகையில் தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சில்லு உடைந்தது. மூன்று மணி நேரம் காத்திருந்து, மாட்டுவண்டியில் பயணம் தொடர்ந்தது.

அநுராதபுரத்தில் அரசமர நிழலில் வழிபாடு பற்றிப் பேசத் தொடங்கினார். தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்ப்பு நடந்தது. அப்போது ஒரு கூட்டத்தார் பறையும் சேகண்டியும் முழக்கிப் பேச்சைக் கேட்கவிடாது செய்தனர். சுவாமிகள் சினக்கவில்லை, அஞ்சவுமில்லை. பேச்சை நிறுத்தி, கொதித்தெழுந்த இந்துக்களைப் பொறுமை காக்கும்படி கேட்டுக்கொண்டார். மூன்று ஆண்டு சில மாதங்களுக்கு முன் அமைதியான சபையைக் கண்டு நா உலர்ந்தவர் இவரே.

யாழ்ப்பாணத்தில் தீவட்டி ஒளியில் ஊர்வலமாக அழைத்து வந்து, இந்துக் கல்லூரிப் பந்தலில் வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தனர். அடுத்த நாள் மாலை வேதாந்தம் என்னும் பொருளில் ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம் பேசினார். பிற்காலத்தில் நல்லூர் யோகர் சுவாமிகளாக விளங்கியவர் இளைஞராக அக்கூட்டத்தில் இருந்ததாக அவரது சரிதம் கூறுவோர் சொல்வர்.

பின்னர் கடல்கடந்து தை 26இல் பாம்பனை அடைந்தார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வணங்கினார். இராமேசுவரம் திருக்கோயிலில் அடியார்கள் முன் பேசியபோது, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்று எடுத்துரைத்தார். ஆங்கிலத்தில் அவர் கூறியதைப் பக்கத்தில் நின்ற ஒருவர் தமிழில் சொல்ல, கோயில் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.