ஆளும் வரிசையிலிருந்து எழுந்த கேள்வி

என் தந்தை பாதுகாத்து வைத்திருந்த காகிதங்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பது ஆயுள் காப்பீட்டுப் பத்திரம். வீட்டுப் பத்திரத்துக்கு மேலே, துணியில் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் இருக்கும். எந்த மாதம் கடன் வாங்க நேர்ந்தாலும் அந்தப் பிரீமியத் தொகையை மட்டும் அவர் தவறவிட்டதில்லை. அந்தப் பணம் எங்கே போகிறது, யார் கையில் இருக்கிறது என்று அவர் கேட்டதும் இல்லை. அவர் சார்பில் அதை ஒருவர் கேட்டிருக்கிறார் என்பது, நாடாளுமன்ற வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. அவர் பெரோஸ் காந்தி.

இந்தப் பெயரைச் சொன்னால் இன்று பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது உறவுமுறைதான். நேருவின் மருமகன், இந்திரா காந்தியின் கணவர், ராஜீவ், சஞ்சய் ஆகியோரின் தந்தை. அவருக்கு நாம் இழைக்கும் அநீதி இது என்றே நினைக்கிறேன். உறவை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சி நிற்கக்கூடிய மனிதர் அவர்.

1912 செப்டம்பர் 12-இல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர், அலகாபாத்தில் வளர்ந்தார். 1930-இல் கல்லூரிப் படிப்பை விட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். பிற்பாடு லண்டனில் படித்துத் திரும்பி, 1942 மார்ச்சில் இந்திராவை மணந்தார். அதே ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் இருவரும் சிறைப்பட்டனர். விடுதலைக்குச் சற்று முன்பு லக்னௌவில் 'நேஷனல் ஹெரால்டு' நாளிதழின் நிர்வாக இயக்குநரானார். ஒரு பத்திரிகையின் வரவு செலவை மேற்பார்த்த அந்த அனுபவம், பின்னாளில் நிறுவனங்களின் ஐந்தொகைக் கணக்கைப் படிப்பதற்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

1952 பொதுத் தேர்தலில் ரேபரேலி பகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார். முதல் சில ஆண்டுகள் அவர் அதிகம் பேசவில்லை. பின்வரிசையில் அமர்ந்து படித்தார், கேட்டார், குறிப்பெடுத்தார். பேசுவதற்கு முன் படித்த உறுப்பினர்களின் எண்ணிக்கை எந்தக் காலத்திலும் பெரிதாக இருந்ததில்லை. 1955 டிசம்பரில், காப்பீடு தொடர்பான மசோதா விவாதத்தில் எழுந்து பேசியபோதுதான் அவை அவரைக் கவனித்தது. அன்று காப்பீட்டுத் தொழில் தனியார் வசம் இருந்தது. பெரும் தொழிலதிபரான ராமகிருஷ்ண டால்மியாவின் ஆளுகையில் இருந்த பாரத் காப்பீட்டு நிறுவனத்தில், பாலிசிதாரர்களின் பணம் எவ்வாறு வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டது என்பதைக் கணக்கோடு எடுத்து வைத்தார். டால்மியா பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். ஆயுள் காப்பீட்டை அரசே ஏற்கும் முடிவை 1956 ஜனவரி 19-இல் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் அறிவித்தார். 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றிணைக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. தேசியமயத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அதற்கான சூழலை உருவாக்கியதில் அந்தப் பேச்சுக்குப் பங்குண்டு.

அரசுடைமை ஆகிவிட்டதால் பணம் பாதுகாப்பாகிவிட்டது என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. கழகம் தொடங்கி ஓராண்டு முடிவதற்குள், 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்திரா என்ற கல்கத்தா வணிகரின் ஆறு நிறுவனப் பங்குகளைக் கழகம் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முந்திராவின் நிதிநிலை அப்போது சரிந்துகொண்டிருந்தது. முதலீடு குறித்து ஆலோசனை சொல்லவென்றே இருந்த குழு கலந்தாலோசிக்கப்படவில்லை. செப்டம்பரிலேயே இது பற்றி அவையில் கேள்வி எழுந்தது; வந்த பதில் முழுமையானதாக இல்லை. 1957 டிசம்பர் 16-இல் பெரோஸ் காந்தி எழுந்தார். எந்தப் பங்கு என்ன விலைக்கு வாங்கப்பட்டது, அன்று சந்தையில் அதன் விலை என்ன, வாங்குவதற்கு முந்தைய நாள்களில் விலை எப்படி ஏறியது என்று அடுக்கினார். உரத்த குரலோ வசையோ தேவைப்படவில்லை. எண்களே போதுமானவையாக இருந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் அமர்ந்திருந்த இடம். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். கேள்விக்குள்ளான நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சென்னையிலிருந்து சென்றவர், அரசியல் சாசன வரைவுக் குழுவில் இடம்பெற்ற அறிவாளர், பிரதமரின் நம்பிக்கைக்கு உரியவர். அந்தப் பிரதமரோ, கேள்வி கேட்டவரின் மாமனார். தமிழ் வாசகர்களான நமக்கு டி.டி.கே. மீது மதிப்பு உண்டு, எனக்கும் உண்டு. அவர் தனக்காக ஒரு காசும் எடுத்துக்கொண்டதாக எவரும் சொல்லவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டே ஆக வேண்டியதாக இருந்தது.

அரசு விசாரணைக்கு இசைந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சக்ளா தனியொருவராக விசாரித்தார். மூடிய அறையில் அல்ல, மக்கள் முன்னிலையில். கூட்டம் இடம் கொள்ளாமல் போகவே வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 1958 ஜனவரியில் அமைக்கப்பட்ட ஆணையம் பிப்ரவரி 10-இல் அறிக்கை அளித்துவிட்டது. இன்றைய விசாரணை ஆணையங்கள் பெறும் கால நீட்டிப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்புவதற்கே கடினம். தமக்குத் தெரியாமல் செயலாளர் செய்தது என்ற நிலைப்பாட்டை சக்ளா ஏற்கவில்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அவைக்குப் பொறுப்பு என்றார். அதே மாதம் டி.டி.கே. பதவி விலகினார். நேருவுக்கு இந்த முடிவில் மகிழ்ச்சியில்லை. 1962-இல் டி.டி.கே. மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். அன்று விசாரணைக்கு உள்ளான நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல், 1977-இல் ஜனதா ஆட்சியின் நிதியமைச்சரானார். அரசியலில் எந்தக் கதவும் நிரந்தரமாக மூடுவதில்லை போலும்.

பெரோஸ் காந்திக்குக் கிடைத்தது என்ன? அமைச்சர் பதவி இல்லை. வீட்டில் நிம்மதியும் கூடவில்லை. மனைவி தந்தையோடு தீன்மூர்த்தி இல்லத்தில் இருக்க, அவர் உறுப்பினர்களுக்கான எளிய குடியிருப்பில் தனியே வாழ்ந்தார். 1958-இல் ஒரு மாரடைப்பு. அதன் பிறகும் அவைக்கு வந்துகொண்டிருந்தார். 1960 செப்டம்பர் 8-இல் டெல்லி வில்லிங்டன் மருத்துவமனையில் இறந்தபோது, 48-ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள்கள் இருந்தன.

முந்திரா விவகாரத்தைவிடவும் பெரியதாக நான் கருதும் அவரது பணி ஒன்று உண்டு. அவையில் பேசும் உறுப்பினருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பேச்சை உண்மையாக வெளியிடும் பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. அவதூறு வழக்குக்கு அஞ்சி இதழ்கள் தயங்கினால், அவையில் எழும் கேள்வி அந்தச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடும். இதை மாற்ற அவர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலில் சில மணி நேரமே ஒதுக்கப்படும். பெரும்பாலானவை அங்கேயே காலாவதியாகும். விடுதலைக்குப் பின் சட்டமாகியவை பதினான்கு மட்டுமே. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அந்தப் பதினான்கில் ஒன்று, 1956-ஆம் ஆண்டின் நாடாளுமன்ற நடவடிக்கைகள் வெளியீட்டுப் பாதுகாப்புச் சட்டம்.

2020 செப்டம்பரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லாமல் ஒரு கூட்டத்தொடர் நடந்தது. எழுத்துபூர்வ பதில்கள் வந்தன. எழுந்து நின்று, அமைச்சரின் முகத்தைப் பார்த்துத் துணைக் கேள்வி கேட்க எவருக்கும் வாய்ப்பில்லை. எழுதிய பதிலோடு நின்றிருந்தால் முந்திராவின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

பெரோஸ் காந்தியின் சட்டம் இருபது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அது ரத்து செய்யப்பட்டது. அப்போது பிரதமராக இருந்தவர் அவருடைய மனைவி. 1977-இல் ஆட்சி மாறியதும் அதே பெயரில் மீண்டும் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு 44-ஆவது திருத்தம், அந்தப் பாதுகாப்பை 361-ஏ என்ற பிரிவாக அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தது.