முத்துராக்கின் தவில்

கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இடையே, குடமுருட்டிப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து களங்கள் காலியானதும் கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிடும். என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு தவில் வித்வான் இருந்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ பக்கத்து ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது அவரும் சென்று பார்த்தார். சிவாஜி கணேசன் நாகஸ்வரம் பிடித்த அழகைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்க, அவர் பேசியதோ முத்துராக்காக நடித்த டி.எஸ்.பாலையாவைப் பற்றி மட்டும். விரலும் சொல்லும் பொருந்தினவா என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசிக்காத நேரத்தில் பாலையா அமர்ந்திருந்த விதமே அவருக்குப் பெரிதாகப் பட்டது. தவில்காரர் சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை, நாகஸ்வரக்காரரின் அடுத்த மூச்சுக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு பாலையாவின் தோளில் தெரிந்தது என்பது அவர் தீர்ப்பு.

அதைச் சாதித்தவர் காவிரிக்கரைக்காரர் அல்லர். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டன்கோட்டையில் 1914-இல் பிறந்தவர். நாடக மேடையில் பயின்று, 1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில் வில்லனாகத் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். அந்த டங்கனின் நாட்டில் துணைப் பாத்திரங்களுக்கு ஆஸ்கர் விருது வழங்கத் தொடங்கியதும் 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். முதலில் பெற்ற வால்டர் பிரென்னன் பின்னர் மேலும் இரு முறை அதை வென்றார். நம் தேசியத் திரைப்பட விருதுகளில் அப்படியொரு பிரிவு 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் வந்தது. பாலையா மறைந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டே ‘அம்பிகாபதி’. தேரழுந்தூர்க் கம்பரின் மகனைப் பற்றிய சோழ நாட்டுக் கதை. எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு எதிராக வாளேந்தும் தளபதியாக பாலையா நின்றார். பாகவதரின் பாட்டுக்காகவே கூட்டம் வந்த காலத்தில், பாடாமல் நினைவில் நிற்க ஒரு நடிகருக்குக் குரலிலும் கண்ணிலும் வேறு சரக்கு வேண்டியிருந்தது. அது அவரிடம் தாராளமாக இருந்தது. அண்ணா கதை வசனம் எழுதிய ‘வேலைக்காரி’யில் (1949) நாயகனுக்கு வழிகாட்டும் நண்பன் மணி, ‘தூக்குத் தூக்கி’யில் (1954) தமிழை உடைத்துப் பேசும் வடநாட்டுச் சேட், ‘மதுரை வீர’னில் (1956) சிரிப்பும் நஞ்சும் கலந்த நரசப்பன் என வேடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. வில்லன், நகைச்சுவை, குணச்சித்திரம் என்று நாம் போட்டு வைத்திருக்கும் வேலிகளை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் அவருடைய பொற்காலம் தொடங்கியது. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியை அறியாத தமிழர் குறைவு. காட்சியைச் சுமப்பவர் நாகேஷ் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சொல்பவரின் சத்தமெல்லாம் கேட்பவரின் முகத்தில்தான் அச்சமாகிறது என்பது பின்னாளில் புரிந்தது. பணக்கார எஸ்டேட் முதலாளி, தன் மகனின் உளறலைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்து, தன்னையறியாமல் அதற்குள் இழுபட்டு, குழந்தைபோல் நடுங்குகிறார். அந்த நடுக்கம் ஒரு படி கூடியிருந்தால் கோமாளித்தனம். ஒரு படி குறைந்திருந்தால் நாகேஷ் தனியாகக் கத்திக்கொண்டிருந்திருப்பார்.

மறு ஆண்டு ‘திருவிளையாட’லில் ஹேமநாத பாகவதர். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் தோடியும் தர்பாரும் மோகனமும் கானடாவும் வரிசையாக வர, அந்தச் சங்கீதத்துக்குச் செருக்கை மட்டும் தம் உடலால் சேர்த்தார். பிறகு விறகு வெட்டியின் பாட்டைக் கேட்டு அந்தச் செருக்கு வடிந்துபோவதையும் அதே உடலால் காட்டினார். இதைச் சிவாஜி படம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். என் கணக்கில் அந்தப் பகுதி பாலையாவுடையது.

1968-இல் வந்தது முத்துராக்கு வேடம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபத்தைத் தாங்குபவரும் தணிப்பவரும், தகப்பன் ஸ்தானத்தில் நின்று கடிந்துகொள்பவரும் இந்தத் தவில்காரரே. எங்கள் பக்கத்து இசை மரபில் தவில்காரர் எடுபிடி அல்லர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைக் கேட்பதற்கென்றே கூட்டம் சேர்ந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்ற சக்கரவர்த்திக்கும் அத்தகைய கை பக்கத்தில் வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட நாகஸ்வரம் இன்னார், சிறப்புத் தவில் இன்னார் என்று தனித்தனியாகப் பெயர் போடுவார்கள். சினிமா சுவரொட்டிக்கு அந்த நாகரிகம் வாய்க்கவில்லை. துணை நடிகர் என்ற சொல்லையே கும்பலில் நிற்பவருக்கும் பாலையாவுக்கும் பொதுவாக்கி வைத்திருக்கிறோம்.

1972 ஜூலை 22 அன்று அவர் காலமானார். வயது ஐம்பத்தேழுதான். மகன் ஜூனியர் பாலையா பின்னர் அந்தப் பெயரைத் திரையில் சுமந்தார். அவரும் 2023-இல் மறைந்தார். எங்கள் தெரு வித்வானின் வீட்டில் இன்று யாரும் தவில் வாசிப்பதில்லை.

போன பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் மீண்டும் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டார்கள். வீட்டில் எல்லோரும் முணுமுணுத்தாலும் போட்டிக் காட்சியில் ஒலியை முழுவதும் அடக்கிவிட்டு முத்துராக்கை மட்டும் பார்த்தேன். நாகஸ்வரமும் சலங்கையும் இல்லாத அந்தச் சில நிமிடங்களிலும், தாளம் எங்கே விழுகிறது என்பது அவருடைய தலையசைப்பைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.