பஸ்ஸுக்கு நேரம் வைத்த பெரியவர்

சென்னையில் இருந்து வடக்கே கல்கத்தா ரோட்டில் போனால், ஆந்திர எல்லையைத் தொடுவதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டி வரும். திருவள்ளூர் மாவட்டத்து ஊர். தொழிற்சாலைகள் நிறைந்த இடம். இரும்பும் இயந்திரமும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடிக் கொண்டே இருக்கும்.

அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அங்கே படிக்க வருகிறவர்கள் மீசை முளைத்த வாலிபர்கள். ஸ்டீரிங் பிடிப்பதும், கியர் மாற்றுவதும், பிரேக் போடுவதும்தான் அங்கே பாடம். அரசாங்கத்தின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் டிரைவர் பயிற்சிப் பள்ளி அது. அங்கே பயிற்சி பெற்ற பலர் அரசாங்க பஸ்களில் டிரைவர்களாகச் சேர்ந்து இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசாங்க பஸ்கள் ஏறத்தாழ 20 ஆயிரம் ஓடுகின்றன. கூலி வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிப் பெண் எல்லோரும் அவற்றை நம்பித்தான் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். ஒரு டிரைவரின் கையில் ஐம்பது, அறுபது உயிர்கள். அந்த வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும். அதை ஓட்டுகிறவர் நிதானத்தோடு இருக்க வேண்டும்.

இன்று இதற்குச் சட்டம் இருக்கிறது. பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பணிமனை இருக்கிறது. இவை எதுவும் இல்லாத காலத்தில், பஸ் என்றால் நேரத்துக்கு வர வேண்டும், பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று மதுரையில் ஒருவர் நடத்திக் காட்டினார்.

அவர்தான் டி.வி. சுந்தரம் அய்யங்கார்.

வக்கீல், ரெயில்வே, பாங்கி

திருநெல்வேலிச் சீமையில், மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் திருக்குறுங்குடி. வைணவர்கள் போற்றும் 108 திருப்பதிகளில் அதுவும் ஒன்று. அந்த ஊரில் 1877-ம் ஆண்டு பிறந்தார் சுந்தரம் அய்யங்கார்.

அந்த நாளில் படித்தவர்களுக்கு உத்தியோகம்தான் லட்சியம். மாதம் பிறந்தால் சம்பளம். ஊரில் மதிப்பு. சுந்தரம் அய்யங்காரும் முதலில் அந்தப் பாதையில்தான் நடந்தார். வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரெயில்வேயில் வேலை செய்தார். அதற்குப் பிறகு பாங்கியில் வேலை.

எதிலும் மனம் நிலைக்கவில்லை. சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று ஆசை. கையில் இருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, பலரும் பயந்த ஒரு தொழிலில் இறங்கினார்.

அந்தத் தொழில்தான் மோட்டார்.

மாட்டு வண்டி நாளில் மோட்டார்

1912-ம் ஆண்டு. சுந்தரம் அய்யங்காருக்கு வயது 35. மதுரையில் அவர் பஸ் சர்வீஸ் தொடங்கினார்.

அந்தக் காலத்து ரோடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தார் கிடையாது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. ரோடு முழுவதும் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். மோட்டார் சத்தம் கேட்டால் மாடுகள் மிரளும். வண்டி வழியில் நின்றுவிட்டால் பழுது பார்க்க ஆள் கிடைக்காது. ஒரு சாமான் உடைந்தால் சீமையில் இருந்து கப்பலில் வர வேண்டும்.

ஜனங்களுக்கும் மோட்டார் மீது நம்பிக்கை இல்லை. மாட்டு வண்டி மெதுவாகப் போனாலும் பத்திரமாகப் போகும், மோட்டார் எங்கே கவிழுமோ என்ற அச்சம்.

அச்சம் தீர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? விளம்பரம் செய்தால் போதாது. பஸ் தினமும் சொன்ன நேரத்துக்குப் புறப்பட வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நாளுக்கு நாள் அப்படி நடந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள். ரெயில்வேயில் வேலை பார்த்தவர் அல்லவா? ரெயிலுக்கு இருப்பதுபோல பஸ்ஸுக்கும் நேரம் வைத்தார் சுந்தரம் அய்யங்கார்.

பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரம்

அவருடைய பஸ்கள் நேரம் தவறாமைக்குப் பேர் போனவை. டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக் கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்தில் பழைய ஆட்கள் பெருமையாகச் சொல்வது உண்டு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். விஷயம் இருக்கிறது.

நேரம் இல்லாத பஸ் எப்படி ஓடும்? ஆள் நிரம்பும் வரை நிற்கும். அரை மணி, ஒரு மணி என்று காத்துக் கிடக்கும். பிறகு போன நேரத்தைப் பிடிக்க, கண் மண் தெரியாமல் பறக்கும். முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த ஊரில் ஆள் கிடைக்கும் என்று போட்டி போடும். விபத்து வருவது அப்படித்தான்.

நேரம் வைத்த பஸ் அப்படி ஓட வேண்டியது இல்லை. குறித்த மணிக்குப் புறப்படும். எத்தனை மணிக்கு எந்த ஊர் என்பது டிரைவருக்குத் தெரியும். அவசரம் இல்லை. அவசரம் இல்லாத இடத்தில் நிதானம் இருக்கும். பயணியின் நேரத்தைக் காப்பாற்றுகிற அதே அட்டவணை, அவருடைய உயிரையும் காப்பாற்றுகிறது.

ஆணி பொறுக்கிய காந்தம்

நேரத்துக்குப் போக வேண்டும் என்றால் வண்டி வழியில் நிற்கக் கூடாது. அந்த நாளில் பஸ்ஸுக்குப் பெரிய எதிரி எது தெரியுமா? ஒரு சின்ன ஆணி!

மாட்டுக்கும் குதிரைக்கும் காலில் லாடம் அடிப்பார்கள். நடக்க நடக்க லாடம் தேயும். ஆணி கழன்று ரோட்டில் விழும். அந்த ஆணி மோட்டார் டயரில் ஏறினால், டயர் பஞ்சர். வண்டி வழியில் நின்று போகும். வேகமாகப் போகும்போது முன் டயர் வெடித்தால், வண்டி டிரைவரின் பிடிக்கு அடங்காது. பள்ளத்தில் இறங்கும். மரத்தில் மோதும்.

இதற்கு சுந்தரம் அய்யங்கார் ஒரு வழி கண்டார். காந்தம் பொருத்திய ஒரு வண்டியை ரோட்டில் ஓட விட்டாராம். புழுதியில் மறைந்து கிடந்த ஆணிகளைக் காந்தம் இழுத்துக் கொள்ளும். பின்னால் பஸ்கள் பயம் இல்லாமல் போகும். இந்தச் செய்தி இன்றும் மதுரையில் கதைபோலச் சொல்லப்படுகிறது.

ரோடு சர்க்காருடையது. ஆணி யாருடைய மாட்டில் இருந்தோ விழுந்தது. நம் பொறுப்பு இல்லை என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து இருந்தவர்கள் அவரை நம்பி ஏறியவர்கள். அவர்கள் போய்ச் சேரும் வரை பொறுப்பு அவருடையது.

கம்பெனி வளர்ந்தது

1923-ம் ஆண்டில், டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்ற கம்பெனி ஏற்பட்டது. பெயரிலேயே பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தார். துரை, ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய மகன்கள் தொழிலில் இறங்கினார்கள்.

பஸ்ஸோடு லாரியும் ஓடியது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயர் தென் ஜில்லாக்களில் எல்லாம் தெரிந்தது. சென்னையில் சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்ற கம்பெனிகள் தோன்றின. வண்டி விற்பது, சாமான் விற்பது, பழுது பார்ப்பது எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில் வந்தன.

பழைய டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலையும் அவர் தொடங்கினார். வழுக்கையான டயர் மழைக் காலத்தில் எமன். பிரேக் போட்டாலும் வண்டி வழுக்கிக் கொண்டே போகும். டயரின் உடம்பு நன்றாக இருந்தால், தேய்ந்த மேல் பாகத்துக்கு மட்டும் ரப்பர் போட்டு மறுபடியும் ஓட்டலாம். செலவும் குறையும். ரோட்டில் பிடிப்பும் கிடைக்கும்.

மகள் டாக்டர் ஆனார்

தொழிலில் வெற்றி வந்தாலும், வீட்டில் ஒரு துயரம் வந்தது.

அவருடைய மகள் சவுந்தரத்துக்கு அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் நடந்தது. கணவர் டாக்டர். வாழத் தொடங்கிய வயதில் சவுந்தரம் கணவரை இழந்தார்.

அந்த நாளில் விதவைப் பெண்ணை மூலையில் உட்கார வைப்பார்கள். சவுந்தரமோ டெல்லிக்குப் போய் வைத்தியம் படித்தார். 1936-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1940-ல் காந்தியடிகளின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்து கொண்டார். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947-ல் உருவாக்கியவர்கள் இந்தத் தம்பதிகள்தான்.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாவது உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குக் கடுமையான பஞ்சம். இருந்த பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்குப் போயிற்று. பஸ்கள் நின்றன. பஸ் நின்றால் சந்தை நிற்கும். தபால் நிற்கும். நோயாளி வீட்டிலேயே கிடக்க வேண்டும்.

சுந்தரம் அய்யங்கார் சும்மா இருக்கவில்லை. டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற கருவியை உருவாக்கினார்.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு பெரிய இரும்பு உருளையை வண்டியில் பொருத்துவார்கள். அதில் அடுப்புக் கரியைக் கொட்டித் தீ மூட்டுவார்கள். காற்றைக் கொஞ்சமாகத்தான் விடுவார்கள். கரி முழுவதும் எரியாமல், எரியக் கூடிய ஒரு வாயு உண்டாகும். அதில் உள்ள தூசியை வடிகட்டி, ஆற வைத்து, என்ஜினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோல் இல்லாமலே என்ஜின் ஓடும்.

இதில் கஷ்டமும் உண்டு. உடனே புறப்பட முடியாது. தீ நன்றாகப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது இழுப்புக் குறையும். அந்த வாயுவோ விஷ வாயு. மூடிய கொட்டகைக்குள் கசிந்தால் ஆள் மயங்கி விழுவார். ஓட்டுகிறவருக்கு நல்ல பழக்கமும் எச்சரிக்கையும் வேண்டும். இருந்தாலும் அந்தப் பஞ்ச காலத்தில் பஸ்களை ஓட வைத்தது கரிதான்.

சட்டம் வந்தது

மோட்டார் பெருகப் பெருக, சட்டமும் வளர்ந்தது. 1914-ல் இந்தியாவுக்கு ஒரு மோட்டார் சட்டம் வந்தது. ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது. 1939-ல் விரிவான சட்டம் வந்தது. பஸ் ஓடத் தகுதியானதுதானா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றது. டிரைவர் ஒரே மூச்சாக 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு வேண்டும் என்றது. 1961-ல் மோட்டார் தொழிலாளர்களுக்கு என்றே தனிச் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தைக் குறைத்தது.

டிரைவரின் களைப்பு அவரோடு போவது இல்லை. அவர் கண் ஒரு நொடி மூடினால், பின்னால் தூங்கும் குழந்தைக்கும் ஆபத்து. ஆகவே டிரைவருக்குக் கொடுக்கும் ஓய்வு, பயணிக்குக் கொடுக்கும் காவல்.

அரசாங்கத்தின் கைக்கு

வயதான காலத்தில் சுந்தரம் அய்யங்கார் தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். கொடைக்கானலில் போய் அமைதியாக வாழ்ந்தார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 78.

அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. பஸ் போக்குவரத்து தனியார் கையில் இருக்கக் கூடாது, ஜனங்களின் சொத்தாக வேண்டும் என்று தமிழ்நாடு அரசாங்கம் முடிவு செய்தது. நிறைய பஸ்கள் வைத்திருந்த கம்பெனிகளை எடுத்துக் கொள்ள 1971-ல் சட்டம் வந்தது. டி.வி.எஸ். பஸ்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. அவற்றைக் கொண்டு 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பஸ்ஸின் பக்கத்தில் இருந்த பெயர் மாறியது. இன்று அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைப் பிரிவு.

தனியார் கம்பெனி நேரம் தவறினால் முதலாளிக்கு நஷ்டம். அரசாங்க பஸ் தவறினால் ஜனங்களுக்கு நஷ்டம். ஆகவே அரசாங்கத்தின் பொறுப்பு இன்னும் பெரியது. 20 ஆயிரம் வண்டிகளிலும் பிரேக் பிடிக்க வேண்டும். அத்தனை டயரிலும் ரப்பர் இருக்க வேண்டும். அத்தனை டிரைவர்களும் தூங்கி எழுந்து வந்திருக்க வேண்டும். இது ஒருநாள் வேலை இல்லை. தினமும் விடிவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

கும்மிடிப்பூண்டியில் ஸ்டீரிங் பிடிக்கப் பழகும் வாலிபர்கள் சுந்தரம் அய்யங்காரைப் பார்த்தது இல்லை. அவர் காலத்து ரோடும் இல்லை, லாட ஆணியும் இல்லை. ஆனால் அவர்களுடைய வேலை அன்று அவர் செய்த வேலைதான்.

பஸ் நேரத்துக்கு வரவேண்டும். ஏறியவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்.