2 பிளக்கிலும் ஒரே ஆள் பெயர்: யார் இந்த ஆல்பர்ட் சாம்பியன்?

பெட்ரோல் டிரக்கில் ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் இன்ஜின் திணறுதா? மெக்கானிக் முதலில் கழற்றிப் பார்ப்பது ஸ்பார்க் பிளக்கைத்தான். காய்ந்த கரி படிந்திருந்தால், பெரும்பாலும் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் கசிகிறது. பிளக்கின் பீங்கான் மேல் படியும் கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி முனையில் தாவாமல் அந்த வழியே கசிந்துவிடும்.

அன்றைய இன்ஜின்களில் இந்தத் தொல்லை ரொம்பவே அதிகம். அந்தக் காலத்தில் பிளக் செய்ய வந்தவர் ஒரு சைக்கிள் வீரர்!

1878-ல் பாரிஸில் பிறந்த ஆல்பர்ட் சாம்பியன், 1899-ல் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றார். அமெரிக்கா போய் 1903-ல் கார் பந்தயத்தில் இறங்கினார். விபத்தில் தொடை எலும்பு முறிந்து, ஒரு கால் குட்டையானது. மனுஷன் அசரவில்லை. அடுத்த வருஷமே சைக்கிளில் பிரான்ஸ் தேசியப் பட்டம்!

1905-ல் பாஸ்டனில் கூட்டாளிகளோடு கம்பெனி தொடங்கினார். 1908-ல் பியூக் கார் நிறுவனத்தின் டூரன்ட் அழைக்க, ஃபிளின்ட் நகருக்குப் போய்ப் பிளக் தயாரித்தார். ஆனால் ‘சாம்பியன்’ என்ற பிராண்ட் பழைய கூட்டாளிகளிடமே தங்கிவிட்டது. சொந்தப் பெயரே போட்டிக் கம்பெனியின் சொத்து! வேறு வழியில்லாமல், தன் பெயரின் முதல் எழுத்துகளான ‘ஏசி’யைப் பிளக்கில் போட்டார். 1922-ல் கம்பெனி பெயரும் ஏசி ஆனது.

1927 மே மாதம் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தில் இருந்தவை ஏசி பிளக்குகள். அதே ஆண்டு அக்டோபரில், 49 வயதில், பாரிஸில் இறந்தார் சாம்பியன்.